இடது தோளின் இறக்கை

செத்தவனின் கையை விரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினான். உள்ளே இருந்தது ஒரு கோட்டின் தோள் இறக்கை. பிறை வடிவில் வெட்டிய சிவப்புத் துணி, அதன்மேல் வரிவரியாகத் தைத்த வெள்ளை நாடா, ஓரத்தில் பிய்ந்து தொங்கும் நூல்கள்.

இப்போது அந்த இறக்கை சார்ஜென்ட் ஜோசையா பென்ரித்தின் உள்ளங்கையில் கிடந்தது. மாலை முரசு அடித்ததும் சிப்பாய் சைலஸ் ஹாப்பைத் தூக்கில் போடப் போகிறார்கள்.

வழக்கில் சிக்கலே இல்லை என்று ராணுவ நீதிமன்றம் சொல்லிவிட்டது. இறந்தவன் பிக்கெட், முகாமில் ரம் விற்பவன். தன் வண்டிக்குப் பின்னால் மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில் ஒரு பீப்பாய் பாதி உருண்ட நிலையில் நின்றது. அந்த நேரத்தில் காவலில் இருந்த வாட்லி என்ற சிப்பாய், அந்தி இருட்டில் குட்டைக் கோட்டு போட்ட ஒருவன் ஓடியதைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தான். ரெஜிமெண்டில் கோட்டின் வாலை வெட்டிக் குட்டையாகப் போடுகிறவர்கள் இலகு காலாட்படைக் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான். புதரிலும் மரத்திலும் மாட்டாமல் ஓட வேண்டியவர்கள் அவர்கள். பென்ரித்தின் கம்பெனி.

கம்பெனியை வரிசையில் நிறுத்திப் பார்த்தபோது ஹாப்பின் கோட்டில் மட்டும் இடது தோள் மொட்டையாக இருந்தது. படுக்கும்போது இருந்தது, விடிந்தபோது இல்லை என்றான் ஹாப். தூக்கத்தில் இறக்கை பறந்துபோனது என்று சொல்பவனை எந்த நீதிமன்றம் நம்பும்?

"மறுபடி ஒரு தடவை பாரு, பென்ரித்," என்று மட்டும் சொன்னார் கேப்டன் ஆஷ்டவுன். "முரசு வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்கு மேல என் கையில எதுவும் இல்ல."

பென்ரித் தலையசைத்தார். பனிமூட்டச் சண்டை முடிந்த நாளிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்துக்கொண்டுதான் இருந்தார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார். படு என்றால் படுத்தார். அந்தச் சண்டையில் செத்த தம்பி ரூபனைப் புதைத்த இடத்தில் மண்ணைத் தட்டி மட்டமாக்கியது அவர்தான். அப்போதும் அழவில்லை. எப்போதாவது அழுகை வரும் என்று முதலில் எதிர்பார்த்தார். பிறகு எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

"சார்ஜென்ட், பொத்தான்," என்றான் கார்ப்பரல் டூலன்.

பென்ரித் குனிந்து பார்த்தார். தன் கோட்டில் ஒரு பொத்தான் தவறி மாட்டியிருந்தது. கழற்றி மாட்டினார். மறுபடி தவறியது. டூலன் கை நீட்டி மாட்டிவிட்டான்.

"என் பொண்டாட்டி இப்படி நின்னதில்ல, நான் பொத்தான் போட்டுவிட," என்றான். "போட்டுவிட்டிருந்தா இன்னும் என்கூட இருந்திருப்பா."

டூலன் அயர்லாந்துக்காரன். சண்டையின் நடுவிலும் வாய் ஓயாது. முன்பெல்லாம் பென்ரித் அவனை அதட்டுவார். இப்போது பேசவிட்டார். அவன் நிறுத்தினால் தன் மூச்சுச் சத்தம் கேட்டது.

இருவரும் காவல் கொட்டகைக்குப் போனார்கள். வாசலில் ஹாப்பின் மனைவி டார்க்கஸ் ஒரு வாளியின் முன் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?" என்றான் டூலன்.

"சாயந்தரத்துக்குள்ள காயணும்," என்றாள் அவள். "அழுக்குச் சட்டையோட போகமாட்டேங்கறாரு."

பென்ரித் அவளைத் தாண்டி உள்ளே போனார்.

ஹாப் வைக்கோலில் உட்கார்ந்திருந்தான். அவன் கோட்டு ஆணியில் தொங்கியது. பென்ரித் கோட்டை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். மிச்சமிருந்த வலது இறக்கையின் தொங்கும் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். பிறகு செத்தவன் கையிலிருந்த இறக்கையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"டூலன், இத நக்கிப் பாரு."

"எத்தனையோ பேர் என்னை என்னென்னவோ நக்கச் சொல்லியிருக்காங்க சார்ஜென்ட். செத்தவன் கையில இருந்தத இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"நக்கு."

டூலன் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தான். காறித் துப்பினான். "வெள்ளைக் களிமண்ணு. வாருக்குப் பூசுறது."

"நம்ம வாருக்கு யாராவது பூசுறோமா?"

டூலன் தன் மார்பின் குறுக்கே போன வாரைத் தொட்டுப் பார்த்தான். பழுப்புத் தோல். காட்டில் ஒளிந்து சுடுகிறவன் வெள்ளை வார் போட்டால் எதிரிக்குக் குறிபார்க்கக் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. இலகு கம்பெனியில் ஒருவரும் களிமண் பூசுவதில்லை. அந்த ஒரு சலுகைக்காகவே மற்றக் கம்பெனிக்காரர்கள் அவர்கள்மேல் பொறாமைப்பட்டார்கள்.

"ஹாப்போட இறக்கைக்கு அடியில தோல் சாயம் ஏறிப் பழுப்பா இருக்கு," என்றார் பென்ரித். "இதுக்கு அடியில வெள்ளை படிஞ்சிருக்கு. மேல தூசி தட்டலாம். இறக்கைக்கு அடியில பிரஷ் போகாது. வருஷக்கணக்கா சேர்ந்தது அப்படியே இருக்கு. இன்னொண்ணு, இந்தப் பொட்டுகளப் பாரு."

இறக்கையின் நாடாவில் மிளகு தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள்.

"வெடிமருந்து சுட்டது," என்றான் டூலன்.

"இடது தோள்ல. இடது பக்கம் நிக்கிறவன் சுடும்போது அவன் துப்பாக்கியில மருந்து பத்துற துளையிலேர்ந்து தெறிக்கிற பொறி. நாம எப்படி நிக்கிறோம்?"

"நாலு முழம் தள்ளி. பக்கத்துல நிக்கிறவன் தும்மினாக்கூட நமக்குத் தெரியாது."

"அப்போ இது தோளோட தோள் ஒட்டி நின்னு சுட்டவனோட கோட்டு. வாருக்கு வெள்ளை பூசுறவன். ஆனா தோள்ல இறக்கை உள்ளவன்."

டூலனின் முகம் மெல்ல மலர்ந்தது. ரெஜிமெண்டில் இறக்கை வைத்த கோட்டு இரண்டே கம்பெனிகளுக்குத்தான். ஒன்று இலகு கம்பெனி. இன்னொன்று கிரனேடியர்கள், உயரமானவர்களாகப் பார்த்துப் பொறுக்கி, கரடித்தோல் தொப்பி மாட்டி முன்னால் நிறுத்துகிற கூட்டம்.

"கரடித்தொப்பிக்காரனுங்க," என்றான், மிட்டாய் கிடைத்தவன் மாதிரி. "கடவுள் இருக்காரு, சார்ஜென்ட்."

ஹாப் வைக்கோலிலிருந்து எழுந்து நின்றான். கேட்கப் பயந்தவன் போல இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

கிரனேடியர்களின் கூடாரங்கள் ஆற்றுப் பக்கம் இருந்தன. அங்கே போக நேர்வழி கம்பெனியின் விறகுக் குவியலைத் தாண்டிப் போகும். டூலன் பென்ரித்தின் முழங்கையைத் தொட்டுக் குதிரைக் கொட்டில் பக்கமாகத் திருப்பினான்.

"இந்தப் பக்கம் சகதி குறைவு," என்றான்.

குதிரைக் கொட்டில் பக்கம் கணுக்கால் வரை சகதி. பென்ரித் அதிலேயே நடந்தார். சில நாட்களாகவே டூலன் இப்படித்தான் அவரை எங்கெங்கோ சுற்றி அழைத்துப் போனான். காலை அணிவகுப்பையும் அவனே பார்த்துக்கொண்டான். ஹாப் சிக்கிய அன்று வரிசையில் ஒவ்வொருவன் தோளாகப் பார்த்ததும் அவன்தான். சாட்சி சொன்ன வாட்லியை விசாரிக்க வேண்டும் என்று பென்ரித் காலையில் சொன்னபோது, "நானே கேட்டுட்டேன், சார்ஜென்ட். அதேதான் சொல்றான். நீங்க அலைய வேணாம்," என்று முடித்துவிட்டான்.

கிரனேடியர் சார்ஜென்ட் மாக்ரே பலகையில் உட்கார்ந்து தன் தொப்பியைச் சீவிக்கொண்டிருந்தான். ஸ்காட்லாந்துக்காரன். உட்கார்ந்திருக்கும்போதே டூலனின் உயரம் இருந்தான்.

"ஓடி ஒளியிற கம்பெனி வந்திருக்கு," என்றான். "இங்க மரம் இல்லையே, எதுக்குப் பின்னாடி நிப்பீங்க?"

"உங்க தொப்பிக்குப் பின்னாடி," என்றான் டூலன். "ரெண்டு பேரும் நிக்கலாம். மாடும் கட்டலாம்."

பென்ரித் இறக்கையை நீட்டினார். "மாக்ரே, இது உங்க கம்பெனிக் கோட்டோடது. அடியில பாரு."

மாக்ரே வாங்கிப் பார்த்தான். களிமண்ணைப் பார்த்தான். பொறிப் புள்ளிகளைப் பார்த்தான். சிரிப்பு போயிற்று. ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் எழுந்து கம்பெனியைக் கூப்பிட்டான். கிரனேடியர்கள் கூடாரங்களிலிருந்து குனிந்து குனிந்து வெளியே வந்து வரிசையில் நின்றார்கள்.

"பாருய்யா. ஒருத்தன விடாத."

பென்ரித் ஒவ்வொரு தோளாகப் பார்த்தார். டூலன் பின்னாலேயே வந்து ஒவ்வொரு இறக்கையையும் இழுத்துப் பார்த்தான். எல்லாம் இருந்தன. எல்லாம் பழைய தையல். எல்லாவற்றின் அடியிலும் வெள்ளை. புதிதாகத் தைத்தது ஒன்றுகூட இல்லை. அது மட்டுமல்ல, எல்லாருடைய கோட்டும் முழங்கால் வரை நீளம். ஓடியவன் போட்டிருந்தது குட்டைக் கோட்டு.

வரிசை கலைந்தது. பிடித்த நூல் கையோடு அறுந்துவிட்டது. மேற்கே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தூரத்தில் முரசுக்காரன் தோலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என் ஆளுங்ககிட்ட இல்ல," என்றான் மாக்ரே. "ஆனா இது எங்க கோட்டுதான். பொய் சொல்ல மாட்டேன்." இறக்கையைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் நிறுத்தினான். மறுபடி பார்த்தான். பிறகு, யாருக்காகவும் கழற்றாத தொப்பியைத் தலையிலிருந்து எடுத்தான்.

"பென்ரித். இந்த வருஷம் என் கம்பெனிலேர்ந்து ஒரே ஒரு கோட்டுதான் வெளிய போச்சு."

மாக்ரே இறக்கையைப் பென்ரித்தின் கையில் வைத்தான்.

"உன்கிட்டதான்யா வந்துச்சு. உன் தம்பியோடது."

ரூபன் கிரனேடியராக இருந்தவன். நல்ல உயரம். அண்ணனோடு இருக்க வேண்டும் என்று வசந்த காலத்தில் மனுப் போட்டான். பென்ரித்தும் கேப்டனிடம் பேசினார். புதுக் கோட்டு கிடைக்காததால் பழையதையே வெட்டிக் குட்டையாக்கிக் கொண்டான். இலகு கம்பெனி ஒளிகிற மரங்கள் அவன் அகலத்துக்குப் போதவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பனிமூட்டத்திலும் அவன் தலை தெரிந்திருக்கிறது.

பென்ரித் இறக்கையைப் பார்த்தார். காலையிலிருந்து அதைக் கையில் வைத்திருந்தார். திருப்பியும் முகர்ந்தும் நக்கவைத்தும் பார்த்தார். தெரியவில்லை. இப்போது தெரிந்த பிறகும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

"நன்றி, மாக்ரே," என்றார். திரும்பி நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் தன் மூச்சுச் சத்தம் கேட்பதை உணர்ந்தார். டூலன் பேசவில்லை.

"டூலன்."

"சார்ஜென்ட்."

"ரூபனோட கோட்டு யார்கிட்ட இருக்கு?"

ஒரு சிப்பாய் செத்தால் அவன் உடைமைகளை அவன் கம்பெனிக்குள்ளேயே ஏலம் விடுவார்கள். சட்டை, காலணி, சோப்பு, சீப்பு எல்லாம் முரசின்மேல் வைத்துக் கூவுவார்கள். வருவது வீட்டுக்குப் போகும். ரூபனின் ஏலத்தன்று பென்ரித் வரவில்லை. ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தார். யார் எதை வாங்கினார்கள் என்று அவர் கேட்டதில்லை. ஒருவரும் சொன்னதுமில்லை.

டூலன் சகதியைப் பார்த்தபடி நின்றான்.

"வாட்லி," என்றான்.

பென்ரித் அவனைப் பார்த்தார்.

"கம்பெனில எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம், சார்ஜென்ட். அந்தக் கோட்டு உங்க கண்ணுல படக் கூடாதுன்னு. அணிவகுப்புல அவனப் பின்வரிசை ஓரத்துல நிறுத்தினோம். நீங்க வந்தா விறகு வெட்ட அனுப்பிட்டோம். நீங்க அந்தப் பக்கம் போனா நான் இந்தப் பக்கம் திருப்பினேன். முதுகுப் பக்கம் பார்த்தா ரூபன் மாதிரியே இருப்பான், அதான்…" அவன் நிறுத்தினான். "அவனும் சரின்னான். ரொம்ப மரியாதையாதான் சொன்னான்."

"அவன் தோளப் பார்த்தியா? அன்னிக்கு?"

"பார்த்தேன். ரெண்டு இறக்கையும் இருந்துச்சு."

"அடியில?"

டூலன் இல்லையென்று தலையாட்டினான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

பென்ரித் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். இலகு கம்பெனியைக் கூட்ட முரசு அடிப்பதில்லை. காட்டில் சிதறிக் கிடப்பவர்களை விசில்தான் கூட்டும். விறகுக் குவியல் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கடைசியாக ஒருவன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு மெதுவாக வந்தான்.

தோள் அகலம், கழுத்துக்குக் கீழே கோட்டு நின்ற விதம். ஒரு கணம் பென்ரித்தின் கால்கள் தாமாகவே அவனை நோக்கி இரண்டு அடி வைத்தன. பிறகு முகம் தெரிந்தது.

"கேப்டனக் கூப்பிடு," என்றார் டூலனிடம்.

காவல் கொட்டகையின் முன்னால் வைத்தே நடந்தது. கேப்டன் ஆஷ்டவுன் வந்து நின்றார். டார்க்கஸ் கையில் ஈரச் சட்டையோடு எழுந்து நின்றாள்.

வாட்லி முந்திக்கொண்டான். "மன்னிச்சுடுங்க சார்ஜென்ட். நீங்க பார்க்கக் கூடாதுன்னுதான் ஒதுங்கியே இருந்தேன். ஏலத்துல நான்தான் வாங்கினேன். குளிருக்கு வேற கோட்டு இல்ல."

"பரவாயில்ல," என்றார் பென்ரித். "கழட்டு."

வாட்லி கேப்டனைப் பார்த்தான். கேப்டன் தலையசைத்தார். கழற்றிக் கொடுத்தான்.

பென்ரித் கோட்டைக் கொட்டகை வாசலில் கிடந்த ஒரு பீப்பாயின்மேல் விரித்தார். கத்தியை எடுத்து வலது இறக்கையின் தையலைப் பாதி அறுத்துத் தூக்கினார். அடியில் வெள்ளை.

"இந்தக் கோட்டு கிரனேடியர் கோட்டு, கேப்டன். களிமண் ரெண்டு தோள்லயும் இருக்கணும்."

இடது இறக்கையின் தையலை அறுத்தார். தூக்கினார். இறக்கையின் அடிப்பக்கம் பழுப்பாக, தோல் சாயம் ஏறி இருந்தது. அது மூடியிருந்த தோள் தையலில் மட்டும் வெள்ளைக் களிமண் கோடாகப் படிந்திருந்தது.

"நான் இறக்கைய மாத்தினேன்," என்றான் வாட்லி வேகமாக. "பழசு கிழிஞ்சு போச்சு. வழியில கிடந்தத எடுத்துத் தைச்சேன்."

"கிழிஞ்சது எங்க?"

வாட்லியின் கண்கள் கேப்டன் பக்கம் ஓடின.

பென்ரித் செத்தவன் கையில் இருந்த இறக்கையை எடுத்துத் தோளில் பொருத்தினார். தோளில் நின்ற களிமண் கோடு, விட்ட இடத்திலிருந்து இறக்கையில் தொடர்ந்தது. பிய்ந்த நூல்கள் ஒவ்வொன்றும் தன் துளைக்கு நேராக வந்து நின்றன. பிறகு உள்ளேயிருந்து ஹாப்பின் கோட்டை எடுத்துவந்து, பழுப்பு இறக்கையை அதன் மொட்டைத் தோளில் வைத்தார். அதுவும் பொருந்தியது.

"பிக்கெட் கையில தன் இறக்கைய விட்டுட்டு வந்தான். ராத்திரியில ஹாப்போடத அறுத்துத் தன் தோள்ல தைச்சான். ஒரே வெட்டுல ரெண்டு வேலை. தன் தோள் நிரம்பிச்சு, ஹாப்போட தோள் காலியாச்சு." பென்ரித் கத்தியை மடக்கினார். "எல்லாரும் மேல பார்ப்பாங்கன்னு நினைச்சான். எல்லாரும் மேலதான் பார்த்தோம்."

கேப்டன் இரண்டு கோட்டுகளையும் தானே ஒருமுறை தூக்கிப் பார்த்தார். காவலர்களுக்குச் சைகை செய்தார். வாட்லி திமிறவில்லை.

"ரம் பீப்பாய உருட்டிட்டுப் போகத்தான் பார்த்தேன்," என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. "பிக்கெட் என் தோளப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. விட்டிருக்கலாம்."

அவனை உள்ளே கொண்டுபோனார்கள். ஹாப்பை வெளியே கொண்டுவந்தார்கள். அவன் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். டார்க்கஸ் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. ஈரச் சட்டையை அவன் கையில் திணித்தாள்.

"இந்தா. இன்னும் காயல," என்றாள். பிறகு அங்கேயே வாளியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாலை முரசு அடித்தது. வெறும் முரசாக அடித்து முடிந்தது.

"கோட்டு சாட்சிப் பொருள், பென்ரித்," என்றார் கேப்டன். "விசாரணை முடியற வரைக்கும் என் கூடாரத்துல இருக்கட்டும். அப்புறம்…" அவருக்கு அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. தூக்கில் போனவன் உடைமைக்கும் ஏலம்தான்.

பென்ரித் கோட்டை மடித்தார். வாலை வெட்டிய விளிம்பு மேலே வந்தது. கோணல்மாணலான தையல், நடுவில் ஓர் இடத்தில் இரண்டு முறை ஓடியது. அதை வெட்டித் தைத்தது அவர்தான். தைத்து முடித்ததும் ரூபன் திரும்பி நின்று தன் பின்பக்கத்தைப் பார்க்க முயன்று, "அண்ணே, இது தையலா, எலி கடிச்சதா?" என்று கேட்டான். அன்று முழுவதும் கம்பெனி சிரித்தது.

கட்டைவிரல் அந்த இரட்டைத் தையலின்மேல் நின்றது. வெகுநேரம் நகரவில்லை.

கோட்டைக் கையில் ஏந்தி அவர் கேப்டனின் கூடாரத்தை நோக்கி நடந்தார். டூலன் பக்கத்தில் வந்தான். இந்த முறை நேர்வழியிலேயே போனார்கள்.

"ஏலத்தன்னிக்கு," என்றான் டூலன், முன்னால் பார்த்தபடி, "இத முரசுமேல வச்சதும் யாரும் வாய திறக்கல. நீங்க வருவீங்கன்னு எல்லாரும் நின்னோம். ரொம்ப நேரம் நின்னோம். வாட்லி வேற கம்பெனிலேர்ந்து புதுசா வந்தவன். அவனுக்கு யாரும் சொல்லல. அவன் விலை கேட்டுட்டான்."

பென்ரித் நடந்தார்.

"அடுத்த தடவை வருவீங்களா, சார்ஜென்ட்?"

"வருவேன்," என்றார் பென்ரித். சிறிது தூரம் சென்றபின், "நீ பேசிக்கிட்டே வா, டூலன்," என்றார்.

"எதப் பத்தி?"

"எதப் பத்தியாவது."

டூலன் தொண்டையைச் செருமினான். தன் மனைவி ஓடிப்போன கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினான்.